ஒன்பது கேள்வி, ஒரே ஒரு அதிர்ஷ்டம்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தைப் பற்றிய கேள்விகள் மட்டும். பார்க்காதவர்களுக்காகக் கதை நாலு வரியில்: மும்பைக் குடிசைப் பகுதியில் வளர்ந்த 18 வயது ஜமால், கால் சென்டரில் டீ கொடுக்கிறவன். டி.வி. கோடீஸ்வரன் போட்டியில் கடைசிக் கேள்வி வரை வந்துவிடுகிறான். இவனுக்கு எப்படித் தெரியும் என்று போலீஸ் பிடித்துப்போய் அடிக்கிறது. ஒவ்வொரு விடையும் தெரிந்த கதையை அவன் சொல்லச் சொல்ல, கலவரத்தில் போன அம்மா, தடம் மாறிய அண்ணன் சலீம், தொலைத்துவிட்டுத் தேடும் லத்திகா என்று அவன் வாழ்க்கை விரிகிறது. முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

"இவன் எப்படி ஜெயித்தான்? ஏ. ஏமாற்றினான், பி. அதிர்ஷ்டம், சி. மேதை, டி. எழுதப்பட்டது" என்று ஆரம்பத்தில் போட்டு, கடைசியில் 'டி' என்கிறார்கள். எல்லாம் தலையெழுத்து என்று சொல்ல இரண்டு மணி நேரப் படம் எதற்கு?
– வாசகர், கரூர்

அவர்கள் 'டி' என்று போட்டால் நாமும் நம்பிவிட வேண்டுமா? ஒன்பது கேள்விகளையும் வரிசையாக எண்ணிப் பாருங்கள்.

முதல் கேள்வி, 1973-ல் வந்த 'சஞ்சீர்' படத்தின் நாயகன். கழிப்பறைக் குழிக்குள் குதித்து, அதே கோலத்தில் ஓடி அமிதாப்பிடம் ஆட்டோகிராப் வாங்கியவனுக்கு அது எப்படி மறக்கும்? இரண்டாவது, தேசியச் சின்னத்தின் கீழே உள்ள வாசகம். இது அவனுக்குத் தெரியாது. அரங்கத்தில் இருப்பவர்களின் வாக்கைக் கேட்டுத் தப்பிக்கிறான். ராமர் கையில் இருப்பது என்ன என்பது மூன்றாவது. அம்மாவை அடித்துக் கொன்ற கலவரத்தின் நடுவே ராமர் வேடத்தில் நின்ற ஒரு சிறுவனை அவன் பார்த்திருக்கிறான். அடுத்த நான்கும் (கண்ணன் பாட்டை எழுதியவர், நூறு டாலர் நோட்டில் இருப்பவர், ரிவால்வரைக் கண்டுபிடித்தவர், கேம்பிரிட்ஜ் சர்க்கஸ் இருக்கும் ஊர்) பட்டுத் தெரிந்துகொண்டவை.

எட்டாவது கிரிக்கெட்: முதல்தர ஆட்டங்களில் அதிகச் சதம் அடித்தவர் யார்? ஒரு கோடி ரூபாய்க் கேள்வி. 50:50 போட்ட பிறகு பாண்டிங், ஹாப்ஸ் என இருவர் மிச்சம். தொகுப்பாளர் ஏற்கெனவே கழிப்பறைக் கண்ணாடியில் 'பி' என்று எழுதிக் காட்டியிருக்கிறார். 'பி' என்றால் பாண்டிங். இந்த ஆள் நமக்கு நல்லது செய்ய மாட்டான் என்று கணக்குப் போட்டு 'டி' என்கிறான் ஜமால். சின்ன வயதில் மாமன் என்கிற பிச்சைக்காரக் கும்பல் தலைவன் குளிர்பானம் கொடுத்துச் சிரித்ததைப் பார்த்தவன், பெரியவர்கள் தானாக வந்து உதவினால் சந்தேகப்படுவான். இதில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை?

ஒன்பதாவதுதான் குருட்டாம்போக்கு. ஆக, ஆறு தெரிந்தது, ஒன்று கேட்டது, ஒன்று ஆளை எடைபோட்டது, ஒன்று மட்டும் விதி. ஒன்பதையும் குத்துமதிப்பாகச் சொல்லி ஜெயிக்க வேண்டுமானால் வாய்ப்பு 2,62,144-ல் ஒன்று. ஜமாலுக்குத் தேவைப்பட்டது நாலில் ஒன்று.

விதி என்று ஒன்று இருந்தால், அது கேள்விகளின் வரிசையில் இருக்கிறது. அவன் வாழ்க்கை எந்த வரிசையில் நடந்ததோ, அதே வரிசையில் கேள்விகள் வருகின்றன! அது திரைக்கதை எழுதிய சைமன் பியூஃபோயின் கைவேலை. விகாஸ் ஸ்வரூப் 2005-ல் வெளியிட்ட மூல நாவலில் நாயகன் பெயர் ராம் முகமது தாமஸ். பரிசு நூறு கோடி. சம்பவங்கள் முன்னும் பின்னுமாகத் தாவும். சிறுவயது முதல் தேடும் லத்திகாவும் அதில் கிடையாது. காதலை நடுக்கம்பாக நட்டு, மற்றதையெல்லாம் அதைச் சுற்றிக் கட்டியது சினிமாவுக்காக.

போட்டியில் கேட்கிற கேள்விகளெல்லாம் சரியானவைதானா?
– வாசகி, பழனி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்)

தேர்வுக்கு இந்தப் படத்தை நம்பிப் போய்விடாதீர்கள்.

'தர்ஷன் தோ கன்ஷியாம்' பாட்டை எழுதியவர் சூர்தாஸ் என்பது படத்தின் விடை. தப்பு. அது 1957-ல் வந்த 'நர்சி பகத்' இந்திப் படப் பாடல். எழுதியவர் கவிஞர் கோபால் சிங் நேபாளி. பழைய பஜனைப் பாட்டின் சாயலில் இருப்பதால் வந்த குழப்பம். நிஜப் போட்டியாக இருந்தால் ஜமால் வழக்குப் போட்டிருக்கலாம், அல்லது அவன்மேல் போட்டிருப்பார்கள்.

ராமரின் வலது கையில் வில்லும் அம்பும் என்கிறார்கள். நம்மூர்க் கோயில் ராமரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். உயர்த்திய இடது கை வில்லைப் பிடிக்கும் பாவனையில் இருக்கும். இறங்கிய வலது கை அம்புக்கு. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் வில் தனியாகக் கழன்று போயிருந்தாலும் விரல்களின் வளைவே அதைச் சொல்லிவிடும். ஆகவே இது பாதி சரி.

ரிவால்வருக்கு சாமுவேல் கோல்ட் என்பது புழக்கத்தில் இருக்கும் விடை. அவர் காப்புரிமை வாங்கியது 1836-ல். சுழலும் அறைகொண்ட கைத்துப்பாக்கி அதற்கு முன்பே, எலிஷா காலியர் காலத்திலேயே உண்டு. "கண்டுபிடித்தவர்" என்பதைவிட "ஊரெல்லாம் பரப்பியவர்" என்பது பொருந்தும். ஹாப்ஸ் விஷயத்தில் பழுதில்லை: முதல்தர ஆட்டங்களில் 199 சதம். சில கணக்குகளில் 197. எப்படிப் பார்த்தாலும் அவரே முதலிடம்.

இன்னொன்று. 2006-ல் 18 வயது என்றால் ஜமால் பிறந்தது 1988 வாக்கில். மும்பைக் கலவரம் 1992 டிசம்பர், 1993 ஜனவரி. அப்போது அவனுக்கு நாலரை வயது இருக்க வேண்டும். திரையில் ஓடுகிற பையனுக்கு ஏழு வயதுக்குக் குறையாது.

ஜமாலுக்கு இரண்டு கோடியும் அப்படியே கையில் கிடைத்திருக்குமா?
– வாசகர், சிவகாசி

கிடைத்திருக்காது. வருமான வரிச் சட்டம் 1961-ன் 115 பிபி பிரிவு லாட்டரி, குறுக்கெழுத்து, டி.வி. போட்டிப் பரிசுகளைத் தனியாகப் பிரித்து வைத்தது. எடுத்த எடுப்பில் 30 சதவீதம். அடிப்படை விலக்குத் தொகை, சேமிப்புக் கழிவு, செலவுக் கழிவு எதுவும் செல்லாது. ஏழை என்பதும் செல்லாது.

படம் நடக்கிற 2006-07 கணக்கில், பத்து லட்சத்துக்கு மேல் என்பதால் வரியின்மேல் 10 சதவீதம் கூடுதல் கட்டணம், அதற்கும் மேல் 2 சதவீதம் கல்வித் தீர்வை. கூட்டினால் 33.66 சதவீதம். இரண்டு கோடிக்கு 67,32,000 ரூபாய் போய், கையில் மிஞ்சுவது 1,32,68,000. பரிசு கொடுப்பவரே வரியைப் பிடித்துக்கொண்டுதான் காசோலை தருவார். பணமாக இல்லாமல் கார் பரிசாக வந்தால் இன்னும் சிக்கல். வரித்தொகையை முன்கூட்டிக் கட்டினால்தான் சாவி கைக்கு வரும். பரிசு விழுந்த மகிழ்ச்சியில் கடன் வாங்கி வரி கட்டியவர்கள் உண்டு.

இதுபோல ஏதேனும் போட்டிக்குப் போகிறவர்கள் பான் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, முதலில் வரி கட்டுங்கள்" என்று போனிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்கிறவன் திருடன். அதில் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

குறும்படம் எடுக்கிறோம். ஆரம்பத்தில் சிறுவர்கள் சந்துக்குள் ஓட, போலீஸ் துரத்துகிற காட்சி மாதிரி செல்போனில் எடுக்க முடியுமா? எங்கள் கேமரா ஆட்டத்தில் தலைசுற்றல்தான் மிச்சம்.
– கல்லூரி மாணவர்கள், திருநெல்வேலி

முதலில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். ஒளிப்பதிவாளர் ஆண்டனி டாட் மேன்டில், பிலிம் கேமராவோடு எஸ்ஐ-2கே என்ற சின்ன டிஜிட்டல் கேமராவையும் எடுத்துக்கொண்டார். அதன் வசதி, லென்ஸ் இருக்கிற தலைப்பகுதியைத் தனியாகக் கழற்றிக் கையில் பிடிக்கலாம். பதிவாகிற கணினி முதுகுப் பையில் இருக்கும், நடுவே ஒரு கேபிள். மும்பை வெயிலில் பைக்குள் கணினி சூடேறி நின்றுவிடும் என்பதால் உலர் பனிக்கட்டி வைத்துக் குளிர வைத்தார்கள். பெரிய கேமரா நுழையாத சந்தில் இது நுழையும். அதைவிட முக்கியம், பெரிய கேமராவைப் பார்த்தால் கூட்டம் கூடிவிடும். இதைப் பார்த்து யாரும் நிற்கவில்லை. பெரும்பகுதி டிஜிட்டலில் எடுத்த ஒரு படம் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் வாங்கியது அதுவே முதல்முறை.

இனி உங்கள் போன். தலைசுற்றுவதற்குக் காரணம் ஆட்டம் மட்டும் இல்லை, உயரமும்தான். நின்றபடி நெஞ்சு உயரத்தில் பிடித்து ஓடினால் பெரியவர் ஒருவர் பையனைத் துரத்துகிற பார்வை கிடைக்கும். ஏழெட்டு வயதுப் பையனின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடியில் இருக்கிறது. போனை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, அந்த உயரத்துக்கு இறக்குங்கள். முழங்காலை மடக்கியே ஓட வேண்டும். பத்து டேக் போனால் தொடை பிடித்துக்கொள்ளும் என்பதால் இரண்டு பேர் மாறி மாறி எடுங்கள். 0.5 என்று போட்டிருக்கும் அகல லென்ஸ் வேண்டாம். ஓரங்களில் சுவர் வளையும், சந்து இல்லாத அகலம் வந்துவிடும். 1 என்று இருப்பதே போதும்.

தானியங்கி முறையை நிறுத்துங்கள். வெயிலிலிருந்து நிழலுக்குள் ஓடும்போது போன் வெளிச்சத்தை ஏற்றி இறக்கினால், அமெச்சூர் என்று முதல் பத்து விநாடியில் தெரிந்துவிடும். நிழலுக்கு அளந்து பூட்டிவிட்டு, வெயில் கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை என்று விடுங்கள். பிரேம் விநாடிக்கு 25, ஷட்டர் 1/50. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 பிரேம், 1/60 என்று வைத்துக்கொண்டு ட்யூப் லைட் எரிகிற வீட்டுக்குள் நுழைந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். பிறகு எந்த ஆப்பிலும் அது முழுதாகப் போகாது. வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும் என்பீர்கள். வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ்மேல் மாட்டுகிற என்டி ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். அது இல்லாவிட்டால் 1/200 வரை போகலாம். அசைவு கொஞ்சம் வெட்டி வெட்டி வரும், துரத்தல் காட்சிக்கு அதுவும் ஒரு அழகு.

4கே பதிவு நிமிடத்துக்கு 170 எம்.பி. அளவுக்குச் சாப்பிடும்; அரை மணி நேரம் எடுத்தால் ஐந்து ஜி.பி. போய்விட்டது. ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், உறையைக் கழற்றுங்கள், டேக் முடிந்ததும் நிழலில் வையுங்கள். சூடு ஏறினால் போன் தானாகப் பதிவை நிறுத்தும், நல்ல டேக்கில்தான் நிறுத்தும்.

ஒலியை யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். இந்தப் படத்துக்கு ஒலிக்கலவைக்காக இன்னும் இருவரோடு சேர்ந்து ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி, மும்பை இரைச்சலுக்கு நடுவே அங்கேயே ஒலியைப் பதிவு செய்தார். நீங்கள் ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்து வையுங்கள். எடிட்டிங்கில் வசனத்துக்கு வசனம் பின்னணி குதிக்கும்போது, அந்த ஒரு நிமிடம் ஒட்டுப்போடப் பயன்படும். ரயில் நிலையத்தில் எடுப்பதானால் ரயில்வேயிடம் முன்அனுமதி வேண்டும். போன்தானே என்று போய், பாதியில் போனைக் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள்.

ரகுமானின் இதைவிடச் சிறந்த பாடல்கள் எத்தனையோ உண்டு. 'ஜெய் ஹோ'வுக்கு ஏன் ஆஸ்கர்?
– வாசகர், கும்பகோணம்

உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆஸ்கர் வாழ்நாள் கணக்குப் பார்த்துக் கொடுப்பதில்லை; அந்த வருடம் அந்தப் படத்தில் இசை என்ன செய்தது என்று பார்க்கிறது. 2009 பிப்ரவரியில் படம் வாங்கிய எட்டு விருதுகளில் பின்னணி இசை, பாடல் இரண்டும் ரகுமானுடையவை. பாடல் விருதில் பாடலாசிரியர் குல்சாருக்கும் பங்கு. மேடையில் ரகுமான் தமிழில் சொன்ன "எல்லாப் புகழும் இறைவனுக்கே" உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

'ஜெய் ஹோ'வை விட்டுவிட்டு இன்னொன்றைக் கேளுங்கள். சிறுவர்களைப் போலீஸ் துரத்தும் காட்சியில் வருவது 'ஓ... சாயா'. பறை போல அதிரும் தாளத்தின்மேல் ரகுமானின் குரலும் எம்.ஐ.ஏ.வின் குரலும். எம்.ஐ.ஏ. என்பவர் மாயா அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுமியாக வளர்ந்து, போரால் மறுபடி லண்டன் போன தமிழ்ப் பெண். அதே வருடம் அதே பாடல் பிரிவில் 'ஓ... சாயா'வும் பரிந்துரையில் இருந்தது. இருக்கும் ஐந்து நாற்காலியில்... இல்லை, அந்த வருடம் மூன்றே பாடல்கள்தான் பரிந்துரையில். மூன்றில் இரண்டு இந்தப் படத்தினுடையவை. நல்ல ஹெட்போனில் 'மவுசம் அண்ட் எஸ்கேப்' சித்தாரையும் கேட்டுப் பாருங்கள், செல்போன் ஸ்பீக்கரில் அதன் பாதி வராது.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாமா? நம்பிக்கை தரும் படம் என்கிறார்களே.
– இல்லத்தரசி, ஓசூர்

நம்பிக்கை கடைசி பத்து நிமிடத்தில் வருகிறது. அதற்கு முன் காலில் மின்சாரம் வைத்து அடிப்பது, கலவரத்தில் தீப்பற்றி ஓடும் மனிதன், அம்மாவைத் தடியால் அடிப்பது எல்லாம் உண்டு. மிகக் கடினமானது, பாட்டுப் பாடத் தெரிந்த சிறுவனை மயக்கி, காய்ச்சிய கரண்டியால் கண்ணைப் பறிக்கிற காட்சி. குருட்டுப் பாடகனுக்குப் பிச்சை இரட்டிப்பாக விழும் என்பது அந்தக் கும்பலின் கணக்கு. பத்தாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேண்டாம். மேலே உள்ளவர்களோடும் முதலில் நீங்கள் பார்த்துவிட்டுப் பாருங்கள்.

அந்தப் பையன் பிறகு சுரங்கப்பாதையில் வருகிறான். ஜமால் அவன் கையில் நூறு டாலர் நோட்டை வைக்கிறான். "இதில் யார் படம்?" என்று அவன் கேட்க, உச்சி வழுக்கை, பக்கவாட்டில் பெண்பிள்ளை போல நீள முடி என்று ஜமால் சொல்ல, "பெஞ்சமின் பிராங்க்ளின்" என்கிறான் கண் தெரியாதவன். இந்த ஜமாலுக்கு ஆயிரம் ரூபாய் நோட்டில் இருப்பது யார் என்று தெரியாது. இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொள்கிறார். ஆயிரம் ரூபாய் நோட்டு அவன் கைக்கு வந்ததே இல்லை என்று படம் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

சிறுவன் குதிக்கும் அந்தக் குழியில் நிஜமாகவே...?
– வாசகர், பெயர் வேண்டாம் என்கிறார்

இல்லை. வேர்க்கடலை வெண்ணெயும் சாக்லெட்டும் கலந்த குழம்பு. நிம்மதியாகச் சாப்பிடப் போங்கள்.

மும்பை போகிறோம். படத்தில் வரும் தாராவியைப் பார்க்க முடியுமா?
– வாசகி, தூத்துக்குடி

படத்தில் வருவதெல்லாம் தாராவி இல்லை. விமான ஓடுபாதை ஓரம் சிறுவர்கள் விளையாடுவது ஜூஹு பக்கம். தாராவிக்குப் போவதானால் மேற்கு ரயில் பாதையில் மாஹிம், மத்திய பாதையில் சயான், எந்த நிலையத்தில் இறங்கினாலும் நடை தூரம்தான். உங்கள் மாவட்டத்துப் பேச்சு அங்கே காதில் விழும். நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் 90 அடி சாலைப் பக்கம் இருக்கிறார்கள். இட்லிக்கு அலைய வேண்டாம். கும்பார்வாடாவில் குஜராத்திக் குயவர்கள், இன்னொரு பக்கம் தோல்பைக் கடைகள், பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் கூடங்கள் என்று பகல் முழுக்க வேலை நடக்கும் இடம் அது. படம் காட்டாமல் விட்டது அந்த வேலையைத்தான். வீட்டு வாசலில் நின்று செல்பி எடுக்காதீர்கள். பை வாங்குங்கள், பேரம் பேசுங்கள், அதில் யாருக்கும் வருத்தமில்லை.

நடித்த குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்கு ஏதாவது செய்தார்களா?
– வாசகர், நாமக்கல்

செய்தார்கள், தாமதமாக. அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை அமைத்து, பள்ளிக்குப் போனால் மாதாமாதம் உதவி, 18 வயதில் மொத்தத் தொகை என்று ஏற்பாடு. கையில் பணமாகக் கொடுத்தால் பிள்ளைக்குப் போய்ச் சேராது என்பது காரணம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஆஸ்கர் மேடைக்குப் போய்வந்த மூன்றே மாதத்தில், 2009 மே மாதம், அவர்களில் ஒரு சிறுவனின் குடிசையை மாநகராட்சி இடித்துத் தள்ளியது. 37 கோடி டாலருக்குமேல் வசூலித்த படத்தில் நடித்தவன் தெருவில் நின்றான். அதற்குப் பிறகே வீட்டு ஏற்பாடு வேகம் பிடித்தது.

படம் முடிந்தபின் ரயில் நிலையத்தில் ஒரு நடனம் வருகிறதே, கதைக்கு அது எதற்கு?
– வாசகர், பட்டுக்கோட்டை

முத்தத்தோடு வெளியே அனுப்பினால் அது வெளிநாட்டுப் படம். பாட்டு இல்லாமல் முடித்தால் மும்பை அதை மும்பைப் படம் என்று ஒத்துக்கொள்ளாது. அதனால் இயக்குநர் டேனி பாயில் இரண்டு பக்கமும் சமாதானம் செய்துகொண்டார். அன்று சி.எஸ்.டி. என்று அழைத்த அதே விக்டோரியா டெர்மினஸ் பிளாட்பாரத்தில், இரவில் எடுத்தது. பின்வரிசையில் ஆடுபவர்களைக் கவனியுங்கள். சுத்தமான சினிமாப் படிகள், ஆனால் பிளாட்பாரத்தின் நீளத்துக்கு வரிசை வரிசையாகப் பிரித்து, எந்த வரிசையும் இன்னொன்றை மறைக்காமல் நிறுத்தியிருப்பார்கள். அதை அமைத்தவர் லாஞ்சைனஸ் பெர்னாண்டஸ். அந்த நடனம் ஓடும்போதே பெயர்ப் பட்டியலும் ஓடுகிறது. அதில் அவர் பெயர் விடுபட்டுப் போனது. ஆஸ்கர் மேடையில் ஏறியபோது பாயில் அந்தத் தவறை ஒப்புக்கொண்டு பெயரைச் சொன்னார்.